போட்டு எஞ்சின் ஓவராயிலில் கோர் பிளக் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பட்டறைக்காரர்களுக்கு வருஷத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் போட்டுகள் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்கும். அவை கடலில் இறங்குவதற்குள்ளேயே குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் போட்டுகளுக்கு மேற்குக் கடற்கரைத் தடை ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31 வரை ஓடும். எஞ்சின் இறக்குவது, பிரிப்பது, லேத்துக்கு அனுப்புவது, திரும்ப ஏற்றுவது எல்லாம் இந்த மூன்றரை மாதத்துக்குள்தான்.

லைனர், பிஸ்டன், பேரிங் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பிளாக்கின், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பிரும்பு உடலின், பக்கவாட்டில் காசு பதித்ததுபோல உட்கார்ந்திருக்கும் தகட்டு மூடிகளான கோர் பிளக்குகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஒழுகின பிறகுதான் கேட்பார்கள். அப்படிப் போட்டு முதலாளிகளும் புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களும் கேட்டவற்றைக் கீழே சேர்த்திருக்கிறேன். லாரி எஞ்சின் வழியில் வந்த, ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சினுக்குள் ஓடும் நல்ல தண்ணீரைக் கடல் தண்ணீரால் குளிர்விக்கும் பெட்டி) வைத்த நாலு சிலிண்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்களை மனதில் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

கோர் பிளக், வெல்ச் பிளக், டம்மி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றா?

வேலை ஒன்றுதான். பிளாக்கை வார்க்கும்போது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட ஒரு வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடத்தின் வடிவத்தில் மணலால் ஒரு கரு செய்து அச்சுக்குள் நிறுத்தி, அதைச் சுற்றி உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். மணல் கருவை அந்தரத்தில் நிறுத்த முடியாது. பக்கவாட்டில் முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். இரும்பு ஆறின பிறகு மணலைத் தட்டி வெளியே எடுக்கவும் வழி வேண்டும். முட்டு இருந்த இடமெல்லாம் ஓட்டையாக நிற்கும். அந்த ஓட்டையை வட்டமாகக் கடைந்து, தகட்டு மூடியை இறுக்கி அடித்து அடைக்கிறார்கள். கருவுக்கு ஆங்கிலத்தில் கோர். கருவின் ஓட்டைக்கு மூடி, ஆகவே கோர் பிளக்.

வெல்ச் என்பது அமெரிக்காவில் கார் செய்துகொண்டிருந்த வெல்ச் மோட்டார் கார் கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. சரியாகச் சொன்னால், நடுவில் லேசாகக் குமிழ்ந்த தட்டை வில்லைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இப்போது பெரும்பாலும் வருவது சின்னக் கிண்ணம் போன்ற கப் வகை. பட்டறையில் இரண்டையுமே வெல்ச் பிளக் என்றுதான் கேட்பார்கள், கடைக்காரரும் புரிந்துகொள்வார்.

இதை ஃப்ரீஸ் பிளக் என்றும் சொல்கிறார்களே. தண்ணீரே உறையாத நம் ஊரில் இது எதற்கு?

தண்ணீர் உறைந்து ஐஸ் ஆனால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும். குளிர் நாட்டில் பிளாக்குக்குள் தண்ணீர் உறையும்போது சில சமயம் இந்த மூடி தெறித்து, பிளாக் வெடிக்காமல் தப்பிக்கும். அதிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் பிளாக்கைக் காப்பாற்றுவதற்காக இதை வைக்கவில்லை. மூடி அப்படியே இருந்து பிளாக் வெடித்த எஞ்சின்களும் அந்த நாடுகளில் ஏராளம். நம் போட்டில் ஐஸ் இருக்கும் ஒரே இடம் மீன் அறை. நமக்கு எதிரி துரு.

ஒழுகவே இல்லை, பெயின்ட்கூட உரியவில்லை. நன்றாக இருக்கும் பிளக்கை ஏன் மாற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

பிளக்கை அரிக்கும் துரு உள்ளேயிருந்துதான் வருகிறது. பிளாக்கின் சுவர் கனமான வார்ப்பிரும்பு. பிளக்கின் தகடோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே தண்ணீர் அரித்தால் முதலில் ஓட்டை விழுவது தகட்டில்தான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்குரூ டிரைவர் முனையால் லேசாக அழுத்தினால் அப்பளம் நொறுங்குவதுபோல உள்ளே போய்விடும். அப்படிக் கழற்றின பிளக்கை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கிண்ணத்தின் நடுப்பகுதி நன்றாகத்தான் இருக்கும். கீழ் விளிம்பை ஒட்டி, சேறு படிந்து கிடந்த பிறை வடிவத்தில் மட்டும் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும். படிவுக்கு அடியில் இருக்கும் உலோகம்தான் முதலில் அரிபடும்.

இதில் போட்டுக்கென்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. லாரியில் எஞ்சின் ஏறக்குறைய மட்டமாக உட்காரும். போட்டில் புரொப்பல்லர் ஷாஃப்ட் கீழ்நோக்கிப் போவதால் எஞ்சினும் பின்பக்கம் சாய்ந்தே இருக்கும். வருஷக்கணக்காகத் தண்ணீரில் வரும் துருத்தூளும் சுண்ணாம்பும் எங்கே போய்ச் சேரும்? பிளாக்கின் பின்கோடியில், ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரம் இருக்கும் பக்கத்துச் சிலிண்டரைச் சுற்றி. ஃப்ளைவீலை மூடும் கூடான பெல் ஹவுசிங்குக்கு உள்ளே, ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிளக் இருப்பதும் அங்கேதான். கண்ணுக்குத் தெரியாத பிளக்தான் அதிகம் அரிபடும் பிளக்.

நான் தனியாகப் பட்டறை வைத்த புதிதில் ஓர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குப் பக்கவாட்டில் இருந்த ஐந்து பிளக்கை மாற்றினேன். பின்னால் இருந்தது புத்தம் புதிதுபோலத் தெரிந்தது. சுத்தியால் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது, விட்டுவிட்டேன். தடை முடிந்து கடலுக்குப் போன பதினோராம் நாள் பெல் ஹவுசிங் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பச்சை நிறக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்). துறைமுகத்தில் ஆடிக்கொண்டிருக்கும் போட்டுக்குள், குனிந்து நிற்கக்கூட இடமில்லாத எஞ்சின் ரூமில், கப்ளிங் பிரித்து, கியர் பாக்ஸ் இறக்கி, ஃப்ளைவீல் கழற்றி, திரும்ப ஏற்ற இரண்டு முழு நாள் ஆனது. பிளக் மாற்றினது பத்து நிமிஷம். போட்டு முதலாளி சத்தம் போடவில்லை. "அஞ்சு மாத்தத் தெரிஞ்சவனுக்கு ஆறாவது மாத்தத் தெரியாதோடே?" என்று மட்டும் கேட்டார். கூலி வாங்கவில்லை, வாங்க மனசும் வரவில்லை.

எஞ்சின் கீழே இறங்கி, பிளாக் மொட்டையாக நிற்கும்போது எல்லாப் பிளக்கும் கைக்கு எட்டும். மேலே ஏற்றின பிறகு பாதிகூட எட்டாது. ஒரு பிளக்கின் விலை ஒரு சாப்பாட்டு விலைக்குள் அடங்கிவிடும். தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து மாற்றும் வேலையே வேண்டாம். எஞ்சின் இறங்கினால் அத்தனையும் மாற்றுங்கள்.

மொத்தம் எத்தனை இருக்கும், எங்கெங்கே தேடுவது?

மாடலுக்கு மாடல் மாறும். உதிரிபாகப் புத்தகத்தில் பிளாக் படத்தையும் ஹெட் படத்தையும் பார்த்து எண்ணிக்கொள்வதுதான் நிச்சயமான வழி. புத்தகம் இல்லாவிட்டால் பிளாக்கைக் கழுவிப் பெயின்டைச் சுரண்டின பிறகு தேடுங்கள். தடித்த பெயின்டுக்கு அடியில் பிளக் இருப்பதே தெரியாது. பிளாக்கின் இரண்டு பக்கம், முன்னால் டைமிங் கேஸுக்குப் பின்னால், பின்னால் ஃப்ளைவீல் பக்கம், ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆயில் கூலரும் மறைக்கும் இடம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அடியில் என்று பாருங்கள். ஹெட்டிலும் இருக்கும், அதைத்தான் பலர் மறப்பார்கள்.

கேம் ஷாஃப்ட்டின் பின்முனையில் இருக்கும் மூடியும் இதே முகம்தான், ஆனால் அது அடைப்பது எண்ணெயை. அது ஒழுகினால் ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஆயில் வழியும். கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது என்று நினைத்து சீலையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இரும்பு, பித்தளை, ஸ்டெயின்லெஸ் மூன்றும் கிடைக்கிறது. எதைப் போடுவது?

போட்டுக்கு நான் பித்தளைதான் போடுவேன்.

இரும்பு பிளக் துளைக்குள் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. கூலன்ட் ஒழுங்காக மாற்றப்படும் எஞ்சினில் நெடுநாள் தாங்கவும் செய்யும். சிக்கல் என்னவென்றால், நம் ஆட்கள் கடலில் தண்ணீர் குறைந்தால் கையில் கிடைத்ததை ஊற்றுவார்கள். குடிதண்ணீர் கேன், கிணற்றுத் தண்ணீர், அவசரத்துக்குக் கடல் தண்ணீர். அதற்கு இரும்புத் தகடு தாங்காது.

பித்தளை மென்மையானது, துளையின் சிறுசிறு குறைகளுக்கு ஏற்றபடி அமரும், துருப்பிடிக்காது. சாவே இல்லாத பொருள் என்று நினைக்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் நாளாவட்டத்தில் பித்தளையிலிருக்கும் துத்தநாகம் கரைந்துபோய், மிச்சம் செந்நிறத்தில் கடற்பஞ்சுபோல நிற்கும். ஆனால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த எஞ்சினில் பிளாக்குக்குள் ஓடுவது நல்ல தண்ணீர்தான் என்பதால் இது மெதுவாகத்தான் நடக்கும்.

பித்தளையும் இரும்பும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி ஆகி பிளாக்கை அரிக்காதா என்று படித்த பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தச் சேர்க்கையில் அரிபடுவது இரும்புதான். ஆனால் பிளக் சின்னது, பிளாக் மிகப் பெரியது. அரிப்பு அத்தனை பரப்பிலும் பரவிப் போவதால் பெரிதாகத் தெரியாது. கதை தலைகீழாக இருந்து, பெரிய பித்தளையில் சின்ன இரும்பு இருந்தால்தான் அந்த இரும்பு சீக்கிரம் காணாமல் போகும்.

ஸ்டெயின்லெஸ் கடினமானது. துளையில் சின்னக் கீறல் இருந்தாலும் அது வளைந்து கொடுக்காது. அடிக்கும்போது கொஞ்சம் சாய்ந்தால் பிளாக்கின் துளையைத்தான் சுரண்டும். புதுத் துளையில், நல்ல கையால் போட்டால் குறை சொல்ல முடியாது. பழைய பிளாக்கில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பித்தளை என்று வாங்கினது பித்தளைதானா என்று எப்படித் தெரியும்?

காந்தம் கொண்டுபோங்கள். மஞ்சள் முலாம் பூசின இரும்பு பிளக் பார்க்க அச்சு அசல் பித்தளைபோல இருக்கும். காந்தம் ஒட்டினால் இரும்பு.

பழைய பிளக்கை அளந்து அதே சைஸ் வாங்கினால் போதுமா?

போதாது. கழற்றும்போதே பழையது நசுங்கியிருக்கும். துளையைத்தான் அளக்க வேண்டும். துருவை வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுத்துவிட்டு, வெர்னியரின் உள்தாடையால் மேலும் கீழும், குறுக்கே, சரிவாக என்று மூன்று தடவை அளவெடுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் துளை கோணியிருக்கிறது. ஆழத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே படி மாதிரி ஒரு விளிம்பு இருந்தால் அது குமிழ் வில்லைக்கான இடமாக இருக்கலாம்; நேரான துளையாக இருந்தால் கப் வகை. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது.

மெட்ரிக்கும் இன்ச்சும் கலந்துபோவது இன்னொரு தொல்லை. இரண்டும் கைக்கு ஒன்றுபோலத் தெரியும். கப் பிளக் துளையைவிட மயிரிழை அளவுக்குப் பெரிதாக இருப்பதால்தான் நிற்கிறது. கையால் அழுத்தினாலே உள்ளே போகும் பிளக்கைப் பசை போட்டு நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கழற்றுவது எப்படி?

முனை மழுங்கின பஞ்ச் கம்பியை பிளக்கின் நடுவில் வைக்காமல் உள்விளிம்பை ஒட்டி வைத்து அடியுங்கள். ஒரு பக்கம் உள்ளே போகும், எதிர்ப்பக்கம் வெளியே திரும்பும். ஒருக்களித்த கதவுபோல நிற்கும்போது வைஸ் கிரிப்பால் பிடித்து நெம்பி இழுத்தால் வந்துவிடும்.

அடிக்கிற வேகத்தில் பஞ்ச் உள்ளே பாய்ந்தால் எதிரே இருப்பது சிலிண்டர் சுவர் அல்லது லைனர். பிளக்குக்கும் அதற்கும் இடைவெளி சில இடங்களில் விரல்கடைகூட இருக்காது. நெம்பும்போது ஸ்குரூ டிரைவரைத் துளையின் விளிம்பில் முட்டுக்கொடுக்கவும் வேண்டாம். அங்கே விழும் கீறல் உள்ளிருந்து வெளியே நேர்கோடாக விழும். தண்ணீருக்கு அதுவே வாய்க்கால்.

பிளக் முழுதாக உள்ளே விழுந்துவிட்டால் பதறாதீர்கள், ஆனால் விட்டுவிடவும் செய்யாதீர்கள். கம்பிக் கொக்கியால் திருப்பி, ஓட்டை வழியாக விளிம்பை எட்டிப் பிடித்து இழுக்கலாம். "உள்ளேயே கிடக்கட்டும், என்ன செய்யும்" என்று புதியதை அடித்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே கிடக்கும் தகடு தண்ணீர் ஓட்டத்தை மறிக்கும், அந்தச் சிலிண்டர் மட்டும் சூடாகும்.

பிளக் எடுத்த பிறகு உள்ளே சேறாக இருக்கிறது. என்ன செய்வது?

ஓவராயிலின் பாதிப் பலன் இங்கேதான் இருக்கிறது. அத்தனை ஜன்னலும் திறந்திருக்கும் ஒரே சமயம் இதுதான். பின்கோடிச் சிலிண்டரைச் சுற்றி விரலைவிட்டுப் பாருங்கள். காபித் தூள் போன்ற கறுப்புப் படிவு கை நிறைய வரும். வளைத்த கம்பி, பழைய கிளட்ச் கேபிள், பாட்டில் கழுவும் பிரஷ் என்று எது போகுமோ அதைவிட்டுக் கிளறுங்கள். பிறகு பிரஷர் வாட்டரை ஒவ்வொரு துளை வழியாகவும் மாற்றி மாற்றி அடியுங்கள். மேலே ஹெட் காஸ்கெட் முகத்திலிருக்கும் தண்ணீர்த் துளைகள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் பீறிட்டு வர வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் மூக்கு ஒழுகுவதுபோல ஒழுகினால் இன்னும் வேலை இருக்கிறது.

காஸ்டிக் தொட்டியில் ஊறவைப்பது வார்ப்பிரும்பு பிளாக்குக்கு நல்லதுதான். கேம் புஷ்ஷைக் கழற்றிய பிறகே இறக்குங்கள். அலுமினியப் பாகம் எதையும் அந்தத் தொட்டியில் போடாதீர்கள், கரைந்துவிடும். பிளாக்கின் வடிகால் குழாயையும் கழற்றிக் குத்திவிடுங்கள். நான் பிரித்த எஞ்சின்களில் பாதிக்குமேல் அது அடைத்துத்தான் இருந்தது.

துளையே குழி குழியாக அரித்திருந்தால்?

குழி ஆழமில்லாமல் தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால், தேய்த்துச் சுத்தம் செய்து, பசையோடு பித்தளை பிளக் போட்டால் நிற்கும். குழி உள்ளிருந்து வெளி வரை தொடர்ந்து ஓடினால் நிற்காது. லேத்தில் கொடுத்துத் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்குத் தக்க பெரிய சைஸ் பிளக் போடுவதுதான் முறை. சந்தையில் அந்த சைஸ் கிடைக்காவிட்டால் பித்தளைத் தடியிலேயே கடைந்து தரச் சொல்லலாம்.

வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமா என்று கேட்காதீர்கள். வார்ப்பிரும்பில் வெல்டிங் சூடு பட்ட இடத்தின் ஓரம் கண்ணாடிபோல இறுகி, பிறகு அங்கே விரிசல் விடும். நூறு ரூபாய்ப் பிரச்சினை பிளாக் பிரச்சினையாகிவிடும்.

பிளக்குக்கு அனபாண்ட் மாதிரி சிலிக்கான் பசை தடவலாமா? பசையே வேண்டாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

சிலிக்கான் பசையைக் கொழகொழவென்று அப்பினால் பிளக் வழுக்கி ஒருபக்கமாக ஏறும். உள்ளே பிதுங்கினது உதிர்ந்து தெர்மோஸ்டாட்டிலோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாயிலோ போய் உட்காரும். பேரிங் பிடிக்க வைக்கும் திரவப் பசை, காற்றுப் படாமல் உலோகங்களுக்கு நடுவில் இறுகும் வகை, அதுதான் இங்கே சரி. துளையின் உள்சுவரில் மெல்லிய வளையமாகத் தடவினால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது பிடிக்காது. அதனால் முதலில் தின்னர் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் பிளக்கில் இந்தப் பசை மெதுவாகத்தான் இறுகும். எதுவானாலும் ஒரு நாள் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பசை துணைக்குத்தான். பிளக்கைப் பிடித்து நிறுத்துவது இறுக்கம்.

அடிக்கும் முறை என்ன? எந்தப் பக்கம் வெளியே, எவ்வளவு ஆழம்?

கப் பிளக்கின் வாய் வெளியே பார்க்க வேண்டும். கிண்ணத்துக்குள் தண்ணீர் ஊற்றலாம் என்பதுபோல. அதன் வாய்விளிம்புதான் இருப்பதிலேயே அகலமான இடம், தண்ணீரை அடைப்பதும் அதுதான். அதனால் அந்த விளிம்பில் சுத்தி படவே கூடாது. லேத்தில் கடைந்த ஒரு முட்டுத்தடி வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்துக்குள் தாராளமாக இறங்கி, அடித்தட்டின் ஓரத்தில் உட்கார வேண்டும். தடி கிடைக்காத அன்றைக்குப் பொருத்தமான சாக்கெட் போதும். ரொம்பச் சின்ன சாக்கெட் வைத்து நடுவில் அடித்தால் அடித்தட்டு குழிந்து வாயை உள்ளே இழுக்கும். இறுக்கம் அங்கேயே போய்விடும்.

முதல் இரண்டு அடி மெதுவாக. பிளக் நேராகப் போகிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் தட்டி நிமிர்த்தப் பார்க்காமல் எடுத்துப் போட்டுவிட்டு வேறு பிளக் எடுங்கள். நேராக இருந்தால் கனமான சுத்தியால் நிதானமாக இறக்குங்கள். சத்தம் மாறுவதைக் கவனித்து நிறுத்துகிறவர்கள் உண்டு, எனக்கு அது சரிப்படவில்லை, கண்ணால்தான் பார்ப்பேன். துளையின் முகப்பில் சரிவாகச் சீவியிருக்கும் அல்லவா, பிளக்கின் வாய் அந்தச் சரிவைத் தாண்டி அரை மில்லிமீட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும். சரிவிலேயே நின்றால் விளிம்பு சுவரைத் தொடாது. ரொம்ப உள்ளே போனால் தண்ணீர் வழி குறுகும். கையேட்டில் ஆழம் கொடுத்திருந்தால் அதுதான் சட்டம்.

குமிழ் வில்லைக்கு முறை வேறு. குமிழ் வெளியே பார்க்கப் படியில் உட்காரவைத்து, உருண்டைத் தலைச் சுத்தியால் நடுவில் அளவாக ஓர் அடி. குமிழ் தட்டையாகும், ஓரம் விரிந்து துளையைக் கவ்வும். தட்டையானதோடு நிறுத்துங்கள். உள்ளே குழிந்துவிட்டால் பிடி தளரும்.

பிளக்கை ஐஸில் வைத்துப் போட்டால் சுலபமாக இறங்குமாமே?

40 மி.மீ. பித்தளை பிளக் 30 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.02 மி.மீ. சுருங்கும், அவ்வளவுதான். கையில் எடுத்ததும் வியர்த்து ஈரம் படியும், பசை கெடும். நேராக அடிக்கப் பழகுவது அதைவிடச் சுலபம்.

ஆயில் வழியில் இருக்கும் சின்னப் பிளக்குகளையும் எடுக்க வேண்டுமா?

பேரிங் போன எஞ்சின் என்றால் கட்டாயம். உலோகத்தூள் அந்த நீளத் துளைகளுக்குள்தான் ஒளிந்திருக்கும். இரண்டு முனையையும் திறக்காமல் அதைக் கழுவ முடியாது. எடுத்ததை எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள். திரும்ப மாட்டும்போது எண்ணிக்கை குறைந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்பக்கத்தில் ஒன்று விடுபட்டிருந்தால் ஆயில் வெளியே சொட்டாது, பிரஷர் மட்டும் ஏறாது. காரணம் தேடித் தலைமுடியைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஒழுகாது என்று எப்படி உறுதி செய்வது?

ஹெட் ஏற்றி, போல்ட்டுகளை அளவுப்படி இறுக்கி டார்க் வைத்த பிறகு, ஃப்ளைவீலும் பெல் ஹவுசிங்கும் ஏற்றுவதற்கு முன். இந்த இடைவெளியைத் தவறவிடாதீர்கள். தண்ணீர் போகும் வாய்களைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, ஒரு வாயில் மட்டும் கேஜோடு குழாய் மாட்டி, பிளாக் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு ஒன்று, ஒன்றரை கிலோ பிரஷர் கொடுங்கள். எஞ்சினில் தண்ணீர் ஊற்றும் வாயின் மூடி தாங்கும் பிரஷர் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும், அதனால் இது போதும். அரை மணி நேரம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு பிளக்கின் ஓரத்தையும் காய்ந்த பேப்பரால் ஒற்றிப் பாருங்கள்; பேப்பர் நனைந்தால் ஒழுக்கு. கீழிருந்து கிராங்க் பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தண்ணீர் இல்லாமல் வெறும் காற்றை மட்டும் அடைத்துச் சோதிக்க வேண்டாம். சரியாக உட்காராத பிளக் துப்பாக்கிக் குண்டுபோல வரும்.

பெயின்ட் அடிப்பது இதற்குப் பிறகு. முதலில் அடித்தால் சின்ன ஒழுக்கைப் பெயின்ட் ஒரு மாதம் மறைத்து வைத்திருக்கும்.

புதிய பிளக் எத்தனை வருஷம் வரும்?

வருஷத்தை நான் சொல்ல முடியாது, உங்கள் தண்ணீர்தான் சொல்லும். கூலன்ட்டையும் பேட்டரித் தண்ணீரையும் (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் அல்ல) சரிபாதி கலந்து ஊற்றி, டப்பாவில் போட்டிருக்கும் காலக்கெடுவில் மாற்றினால் அடுத்த ஓவராயில் வரை இந்தப் பேச்சே வராது. கடற்கரைக் கிணறு, போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். நாக்குக்கு இனித்தாலும் எஞ்சினுக்கு ஆகாது.

இரண்டு வருஷத்திலேயே பிளக் ஓட்டையானால் பிளக்கைத் திட்டாமல் ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பாருங்கள். உள்ளே ஒரு குழாய் ஓட்டையானாலும் கடல் தண்ணீர் நல்ல தண்ணீரோடு கலக்கும். அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்ள அதில் வைத்திருக்கும் துத்தநாகக் குச்சி கரைந்து தீர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் அதைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. எக்ஸ்சேஞ்சரே இல்லாமல் கடல் தண்ணீர் நேராகப் பிளாக்குக்குள் ஓடும் எஞ்சின் என்றால் கதை வேறு. அங்கே சூடு 60 டிகிரியை ஒட்டியே இருக்கும்படி தெர்மோஸ்டாட் வைப்பார்கள், மேலே போனால் உப்புப் படிவு கட்டும் என்பதற்காக. அந்த எஞ்சினில் ஒவ்வொரு தடைக்காலத்திலும் பிளக்கைக் குத்திப் பார்ப்பது நல்லது.

நடுக்கடலில் பிளக் போனால் என்ன செய்வது?

முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றும் வாயின் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும். தண்ணீர் வற்றிக் கொதித்த எஞ்சினில் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடும். கை வைத்துத் தாங்கும் அளவுக்கு ஆறட்டும்.

நடுவில் போல்ட் வைத்த ரப்பர் பிளக் கிடைக்கிறது. துளையில் சொருகி நட்டைத் திருகினால் ரப்பர் உப்பி அடைத்துக்கொள்ளும். உங்கள் எஞ்சின் சைஸில் இரண்டு வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். அதைப் பொருத்தின பிறகு மூடியை முழுதாக இறுக்காமல், பிரஷர் ஏறவிடாமல், ஆக்சிலரேட்டரைக் குறைத்துக் கரைக்கு வாருங்கள். குடிக்கிற தண்ணீரைக் காலி செய்யாதீர்கள். வேறு வழியில்லாவிட்டால் கடல் தண்ணீரையே ஊற்றலாம், கரைக்கு வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரால் மூன்று நாலு தடவை கழுவ வேண்டும். எம்சீல் அப்புவது ஊசித்துளை ஒழுக்குக்கு, அதுவும் துடைத்துக் காயவைத்த இடத்தில், ஓரிரு மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். உள்ளேயிருந்து தள்ளும் தண்ணீரை வெளியே ஒட்டின மாவு எத்தனை நேரம் தடுக்கும்?

ஃபைபர் வள்ளத்தில் காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்தான் இருக்கிறது. எனக்கு இது தேவையா?

தண்ணீரே ஓடாத எஞ்சினில் தண்ணீர்ப் பிளக் ஏது? உங்களுக்கு வேண்டாம்.

கழற்றின பழைய பிளக்குகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

இரண்டு நாள் பொறுங்கள். எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றிலும் மார்க்கரில் எழுதி, ஓர் அட்டையில் வரிசையாக வையுங்கள். முன்பக்கத்தது நன்றாக இருந்து பின்பக்கத்தது மட்டும் அரித்திருந்தால் சேறுதான் காரணம். எல்லாமே ஒரே மாதிரி அரித்திருந்தால் தண்ணீர் சரியில்லை, உப்பு எங்கேயோ நுழைகிறது. ஒரு பிளக்கில் மட்டும் ஓரத்தில் துருக்கோடு இருந்தால் போன தடவை அடித்தவர் சாய்த்து அடித்திருக்கிறார். பார்த்து முடித்த பிறகு போட்டு முதலாளி கையில் கொடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். பின்பக்கத்துப் பிளக்கை மட்டும் அவர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது பில்லைப் பற்றி எதுவும் கேட்க மாட்டார்.